உலக நோக்கும் ஆங்கிலம் பயிலும் வேட்கையும்: சேர்வராயன் மலையை முன்னிட்டு ஓர் ஆய்வுக் குறிப்பு

பிறமொழி பயிலும் வேட்கை எதனின்று தோன்றுகிறது என்னும் வினாவிற்கு அறிஞர் நெடுங்காலம் இருவகை விடையே கூறி வந்தனர். மாந்திரியல் நகரில் பிரெஞ்சு பயின்ற மாணவரை ஆராய்ந்து கார்டுனரும் லாம்பர்ட்டும் 1959-இல் வெளியிட்ட கட்டுரை இப்பாகுபாட்டிற்கு அடிகோலிற்று. அம்மொழியாரோடு உறவாட விழைந்து கற்பது ஒன்று. பதவி முதலிய பயன் கருதிக் கற்பது மற்றொன்று. முன்னதே சிறந்தது என்பது அவர்தம் முடிபு. பம்பாயில் மராத்தி மாணவியரை ஆராய்ந்த யாஸ்மீன் லுக்மானி 1972-இல் இதற்கு மாறாக, பயன் கருதிக் கற்றாரே தேர்ச்சி மிக்கார் எனக் கண்டார்.

யப்பானில் இவ்விரண்டும் போதியனவாய் இல்லை. ஆங்கிலம் பேசும் சமுதாயமொன்று அண்மையில் இல்லாத நாட்டில் யாரோடு உறவாடுவது? ஆதலின் டொமோகோ யாஷிமா 2002-இல் 'உலக நோக்கு' என்னும் கருத்தை முன்வைத்தார். பிறநாட்டாரோடு பழகத் தயங்காமை, நாடு கடந்த பணிகளில் நாட்டம், உலகச் செய்திகளில் ஆர்வம் ஆகியன அதன் கூறுகள். பல்கலைக்கழக மாணவரிடத்தும், 2004-இல் வெளிவந்த ஆய்வில் உயர்நிலைப் பள்ளி இளைஞரிடத்தும், இந்நோக்கு மிக்கார் ஆங்கிலத்திற் பேச முன்வருதல் புலனாயிற்று.

இவ்வளவுகோலை நம்மிடத்துப் பொருத்துங்கால் சேர்வராயன் மலை நல்லதோர் உரைகல்லாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். தோட்டக்காரரான ஐரோப்பியர் குடியேறினர். ஏர்க்காட்டில் 1894-இல் திருஇருதயப் பள்ளியும் 1917-இல் மான்போர்ட் பள்ளியும் தோன்றின. வெளியூர்ப் பிள்ளைகள் தங்கி ஆங்கில வழியிற் பயிலும் இடமாயிற்று இம்மலை. அதே மலையின் தொல்குடியினர் மலையாளிகள். கேரளத்தாரோடு இவரை மயங்கலாகாது. இவர்தம் தாய்மொழி தமிழே. காஞ்சிபுரத்தினின்று வந்தோம் என்பது அவர் கூறும் மரபுச் செய்தி.

விடுதி மாணவனுக்கு ஆங்கிலம் உணவுக்கூடத்திலும் விளையாட்டு வெளியிலும் வழங்கும் பேச்சுமொழி. மலையாளி மாணவனுக்கோ அது பாடநூலின் மொழி, மேற்படிப்பின் மொழி, சுற்றுலா வருவார் சிலரது மொழி. அதனைப் பேசுவோர் பெரும்பாலும் இந்நாட்டாரே; தமிழரும் அவருட் பலர். 'அயல்நாட்டாரோடு பழக விரும்புகின்றாயா?' என்னும் யப்பானிய வினாவிற்கு அவன் 'இல்லை' எனின், வேட்கையற்றவன் என்று கணக்கிடுதல் பெரும்பிழையாம். கணக்கு அத்துடன் நில்லாது. மலைப்பிள்ளைகட்கு ஆர்வமில்லை என்னும் பழைய எண்ணத்திற்கு எண்களின் துணையும் வாய்த்துவிடும். அதன்பின் நல்லாசிரியரை அங்கு அனுப்புவதற்குக் காரணம் காட்டுதல் அரிது.

வேறொன்றும் நோக்கற்பாலது. தன் ஊர்வழக்கினின்று பள்ளியின் நூல்வழக்கிற்கு ஏறுதலே அம்மாணவனுக்கு ஒரு பயணம். அங்ஙனம் ஏறியவன் ஆங்கிலத்தையும் அதே வழியின் அடுத்த படியாகவே கருதக்கூடும். கடல் கடந்த நாடு அவன் நினைவில் வரவேண்டுவதில்லை.

எனவே ஈண்டு ஆய்வு மேற்கொள்வார் வினாக்களை மாற்றியமைத்தல் வேண்டும். சேலத்துக் கல்லூரியில் பிறமாவட்ட மாணவரோடு கலந்து பழகத் தயங்குவாயா? ஆங்கிலத்தில் வந்த ஆணையொன்றை உன் ஊரார்க்குப் படித்துக் காட்ட விழைவாயா? இவை எழுத்தில் மட்டுமன்றி, மாணவர்தம் ஊர்வழக்கிலேயே நேரிற் கேட்கப்படுதல் நலம்.