பொய் சொல்லும் பெட்டி!

ராஜபாளையத்தில் நாலு இளைஞர்கள் டீக்கடையில் கூடினால், முன்பெல்லாம் பேச்சு நாயில் ஆரம்பிக்கும். இல்லாவிட்டால் நூல் விலையில். இப்போது காரில் ஆரம்பிக்கிறது. 'என்ன வண்டி மாப்ள?' என்று கேட்டால், கம்பெனி பெயருக்கு முன்னாலேயே 'டர்போ' என்ற வார்த்தை வந்து விழுகிறது. அதற்கு அடுத்த கேள்விதான் விவகாரமானது.

'பாக்ஸ் மாட்டிட்டியா?'

டிபன் பாக்ஸ் இல்லை சார், டியூனிங் பாக்ஸ். சோப்பு டப்பா சைஸில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒயர், ஒயர் முனையில் பிளக். பானெட்டைத் திறந்து, இன்ஜினில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பிளக்கைக் கழற்றி, நடுவில் இதைச் சொருகினால் வேலை முடிந்தது. பத்து, பதினைந்து நிமிஷம்தான். 'உங்கள் காருக்கு இருபது குதிரை எக்ஸ்ட்ரா' என்று ஆசை காட்டுகிறார்கள்.

இருபது குதிரையை சோப்பு டப்பாவில் அடைத்துத் தர முடியுமா என்றால், முடியாது. அந்தக் குதிரைகள் டப்பாவுக்குள் இல்லை. உங்கள் இன்ஜினுக்குள் கம்பெனிக்காரன் கட்டிப் போட்டிருந்த குதிரைகள் அவை. பெட்டி கயிற்றை அவிழ்த்து விடுகிறது, அவ்வளவுதான். அவன் ஏன் கட்டிப் போட்டான் என்பதை, அவிழ்க்கும் முன் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்டோர் கீப்பர் ரிப்போர்ட்

ஒரு நூல் மில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மானேஜர் ஏ.சி. ரூமில் இருக்கிறார். குடோன் பக்கம் வந்ததே கிடையாது. ஸ்டோர் கீப்பர் அனுப்பும் ஸ்டாக் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் பஞ்சு ஆர்டர் போடுவார். நடுவில் ஒருத்தன் புகுந்து, 100 பேல் என்று இருப்பதை 85 என்று திருத்தி அனுப்பினால் என்ன ஆகும்? மானேஜர் பதறிப்போய் இன்னும் பதினைந்து பேல் வரவழைப்பார். குடோன் பிதுங்கும். மானேஜர் மேல் தப்பே இல்லை. ரிப்போர்ட்தான் பொய்!

காரில் அந்த மானேஜருக்கு 'ஈ.சி.யு.' என்று பெயர். இன்ஜினை நிர்வகிக்கும் குட்டிக் கம்ப்யூட்டர். டீசல் வண்டியில் குடோன் என்பது 'காமன் ரெயில்' என்ற கெட்டியான குழாய். இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசல் அதில் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் இரண்டு பார்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தை அளந்து சொல்லும் சென்ஸார்தான் ஸ்டோர் கீப்பர். அவர் சொல்வதை நடுவில் மறித்து, கொஞ்சம் குறைத்துச் சொல்கிறது பெட்டி. 'அடடா, அழுத்தம் போதவில்லை' என்று ஈ.சி.யு. ஏற்றுகிறது. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் அதேதான்; ஆனால் உள்ளே பாயும் டீசல் அதிகம். வண்டி சீறுகிறது.

பெட்ரோல் டர்போவில் பொய் வேறு இடத்தில். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையால் ஒரு விசிறியைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. ஆல்ஃபிரட் பூகி என்ற சுவிட்சர்லாந்து இன்ஜினீயர் 1905-லேயே பேட்டன்ட் வாங்கிய யோசனை. சின்னக் கார்களின் டர்போ நிமிஷத்துக்கு 2 லட்சம் சுற்று வரைகூடப் போகும். உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்ற ரிப்போர்ட்டைப் பெட்டி குறைத்துக் காட்ட, ஈ.சி.யு. இன்னும் திணிக்கச் சொல்கிறது.

பதினைந்து குதிரையின் விலை

நம் நாட்டில் இந்த மோகத்துக்குப் பெரிய தீனி போட்டது டீசல் ஸ்விஃப்ட். 2007-ல் வந்தது. ஃபியட் கம்பெனியின் 1.3 லிட்டர் இன்ஜின், 75 குதிரை. அதே இன்ஜின் மாருதி, டாடா, ஃபியட் என்று பல கார்களில் உட்கார்ந்ததால் 'இந்தியாவின் தேசிய இன்ஜின்' என்றே கேலியாகப் பெயர் வைத்தார்கள். பெங்களூருவின் ரேஸ் டைனமிக்ஸ் கம்பெனி 'டீசல்ட்ரானிக்' என்ற பெயரில் காமன் ரெயில் டீசல் கார்களுக்குப் பெட்டி போட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் மாருதி டீசலுக்குக் கும்பிடு போட்டுவிட்டது. அதன் பிறகு பெட்ரோல் டர்போ கார்கள் பெருக, பெட்டியும் பின்னாலேயே வந்துவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. அதே 1.3 லிட்டர் இன்ஜினை எர்டிகா, எஸ்.எக்ஸ். 4 கார்களில் 90 குதிரையாகவும் விற்றார்கள். அந்தப் பதினைந்து குதிரைக்காகக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? டர்போவையே மாற்றியது. வேகத்துக்குத் தகுந்தபடி உள்ளே இறக்கைகள் திரும்புகிற, விலை கூடின டர்போ. பெட்டி அந்த மாதிரி எதையும் மாற்றுவதில்லை. அதே டர்போ, அதே கிளட்ச், அதே பிஸ்டன்... ரிப்போர்ட் மட்டும் வேறு.

ரிசர்வ் ஃபண்டில் கை

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பேலன்ஸ் ஷீட்தான் ஞாபகம் வரும். லாபம் முழுவதையும் டிவிடெண்டாகக் கொடுக்காமல் கம்பெனிகள் ரிசர்வ் ஒதுக்குவதில்லையா? இன்ஜினிலும் அப்படித்தான். சித்திரை வெயிலில், ஏ.சி. ஓட, குடும்பமே ஏறிக் குற்றாலம் போகிற நாள் வரும். ஏதோ ஒரு பங்கில் மட்டமான டீசல் விழும். 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று ஓனர் ஆயில் மாற்றாமல் இழுப்பார். இத்தனைக்கும் சேர்த்து ஒதுக்கிய ரிசர்வ்தான் அந்தக் கட்டிப் போட்ட குதிரைகள். பெட்டி மாட்டினால் அந்த ஃபண்டிலிருந்து தினமும் செலவு செய்கிறீர்கள். பாஸ்புக் மட்டும் கண்ணில் படாது!

குதிரைக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொள்ள ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் பார்க்கலாம். 1986-ல் பி.எம்.டபிள்யூ.வின் ஒன்றரை லிட்டர் டர்போ இன்ஜின், தகுதிச் சுற்றில் ஆயிரம் குதிரைக்கு மேல் தந்தது. நம்ம ஊர் செடான் கார்கள் பலவற்றில் இருப்பதும் ஒன்றரை லிட்டர்தான்! ஆனால் அந்த இன்ஜினின் ஆயுள் சில சுற்றுகள். பிறகு கழற்றி வைத்துவிட்டு, பந்தயத்துக்கு வேறு இன்ஜின். அவர்களுக்குக் கட்டுப்படியானது. நமக்கு அறுபதோ எண்பத்து நாலோ மாதத் தவணை ஓடுகிறது. இன்ஜினின் ஆயுள் இ.எம்.ஐ.யின் ஆயுளை விட நீளமாக இருந்தாக வேண்டும்.

மில் ஆபீஸ் நண்பர் ஒருவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் தெரிந்த மெக்கானிக்கிடம் யோசனை கேட்டார்.

''அண்ணே, இத மாட்டினா வண்டி பறக்குமா?''

''பறக்கும் தம்பி. கிளட்ச் பிளேட்டும் கூடவே பறக்கும்.''

மெக்கானிக் ஜோக்கடிக்கவில்லை. கூடுதல் இழுவையை முதலில் தாங்குவது கிளட்ச்தான். அடுத்து டர்போ. டீசலில் காற்றுக்கு மிஞ்சி எண்ணெய் போனால் கறுப்புப் புகையும் கொதிக்கிற சூடும். பெட்ரோலில் காற்றை அதிகம் திணித்தால் 'நாக்கிங்'. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஈ.சி.யு. உஷாராகி, தீப்பொறியைத் தள்ளிப் போட்டு இன்ஜினை அடக்கும். ஒருபக்கம் பெட்டி இழுக்க, மறுபக்கம் மானேஜர் பிடிக்க, வீட்டில் மாமியார் மருமகள் கதைதான்.

மைலேஜும் கூடுமாம்!

'பிக்கப்பும் கூடும், மைலேஜும் கூடும்' என்று சிலர் சத்தியம் செய்வார்கள். 'மீட்டர்லயே காட்டுது சார், முன்னே 18, இப்போ 21!' அந்த மீட்டரை நம்பாதீர்கள். எவ்வளவு டீசல் செலவானது என்று மீட்டருக்குச் சொல்வது அதே ஏமாந்த மானேஜர். ரெயிலில் அழுத்தம் குறைவு என்று நம்புகிறவர், செலவையும் குறைத்துத்தான் எழுதுவார். டேங்கை முழுக்க நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பாருங்கள். பங்க் பில் பொய் சொல்லாது.

இழுவை கூடியதால் கியர் குறைக்கும் வேலை மிச்சமாகி, நிதானமாக ஓட்டுகிறவருக்குக் கொஞ்சம் மைலேஜ் ஏறலாம். நிதானமாக ஓட்டுகிறவர் ஏன் சார் பெட்டி வாங்கப் போகிறார்?

'கீழ் வேகத்தில் வண்டி தூங்குது, அதுக்குத்தான்' என்பவர்களும் உண்டு. சுற்று குறைவாக இருக்கும்போது டர்போவே சரியாகச் சுழல்வதில்லை. அந்தத் தூக்கத்தைப் பெட்டி பெரிதாகக் கலைக்காது. சரியான கியர்தான் கலைக்கும்.

பன்னிரண்டு கிலோமீட்டர்

தினமும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆபீஸ் போகிறவர் என்று வைப்போம். சுமார் 12 கிலோமீட்டர். சராசரி 50 வேகத்தில் போனால் 14 நிமிஷம் 24 செகண்ட். அதை 60 ஆக்கினால் 12 நிமிஷம். லாபம் இரண்டே கால் நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். ஊருக்கு ஊர் போகிற ரோட்டில் மில் வேன், டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, திடீரென்று திரும்புகிற மொபெட் எல்லாவற்றுக்கும் நடுவே சராசரி 60 வராது என்பது வேறு விஷயம். மிச்சமான இரண்டு நிமிஷத்தை ஆபீஸ் வாசலில் பார்க்கிங் தேடுவது சாப்பிட்டுவிடும்.

பெட்டி நிஜமாகவே உதவுகிற இடம் ஒன்று உண்டு. தென்காசிப் பக்கம் போகும்போது லோடு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஓவர்டேக் செய்கிற அந்த ஐந்தாறு செகண்ட். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இழுவை கூடின தைரியத்தில், முன்பு காத்திருந்த இடைவெளியில் இப்போது நுழைந்தால், கிடைத்த லாபம் அங்கேயே கரைந்துவிடும். எதிரே வருகிறவர் உங்கள் பெட்டியைப் பார்த்து வேகத்தைக் குறைக்கப் போவதில்லை.

இதில் போலி வேறு. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சொருகும் மலிவு விலைச் சமாச்சாரம். 'நைட்ரோ ஓ.பி.டி. 2' என்று விற்ற ஒன்றைத் தொழில்நுட்ப ஆசாமிகள் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே விளக்கு மினுக்கும் வேலை மட்டும் மும்முரமாக நடந்தது. காரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவகையில் இன்ஜினுக்கு அதுதான் ரொம்பப் பத்திரம்!

சட்டமும் வாரன்ட்டியும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொன்னது. அதே வருஷம் நடந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'சர்வீஸுக்கு விடும்போது கழற்றிடுவேன்' என்பது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். சர்வீஸ்காரர்களுக்கும் தெரியும். பெட்டி போனாலும், வழக்கத்துக்கு மாறான அளவுகள் சில கார்களின் ஈ.சி.யு. நினைவில் தங்கிவிடும். இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாமல் மாட்டி, பெரிதாக ஏதாவது நடந்தால், கிளெய்மை மறுக்க நாமே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி.

'இத்தனையும் கேட்டாச்சு, மாட்டியே தீருவேன்' என்கிறீர்களா? கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்:

* அந்த 52-வது பிரிவு உங்களுக்கும் பொருந்துமா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸிலும், இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் முதலில் கேளுங்கள்.

* கிளட்ச் ஏற்கெனவே வழுக்கினாலோ, ஆயில் குறைந்தாலோ பெட்டி வேண்டவே வேண்டாம்.

* பெட்டியில் பல அளவு இருந்தால், மிகக் குறைந்ததில் வையுங்கள். கறுப்புப் புகையோ, இன்ஜின் எச்சரிக்கை விளக்கோ வந்தால் அன்றே கழற்றுங்கள்.

* ஆயிலைக் கம்பெனி சொன்ன கிரேடில், சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்றுங்கள். விரட்டி ஓட்டி வந்தால் உடனே சாவியைத் திருகாமல், ஒரு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள்.

* வேகம்தான் ஆசை என்றால், கோவை பக்கம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே எதிரே மொபெட் வராது.

இன்னும் ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிக்கக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஆனால் தேர் நேராகப் போவதும் நிற்பதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற சில பேர் கையில். இழுக்கும் பலத்தைக் கூட்டுகிறவன், நிறுத்தும் பலத்தை முதலில் பார்க்க வேண்டும். பெட்டிக்கு இருபதாயிரம் ஒதுக்கியிருந்தால், முதலில் பிரேக் பேடையும் டயரையும் பாருங்கள். தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

மிச்சப் பணத்துக்கு பால்கோவா வாங்கி வீட்டுக்குக் கொண்டு போங்கள். அதுவும் பெட்டியில்தான் வரும். பொய் சொல்லாது!