மருத்துவ மாணவனின் இரண்டாம் ஆண்டு

மருத்துவக் கல்லூரியில் சேரும் மாணவனுக்கு முதல் ஆசிரியர் உயிரற்ற உடலே ஆகும். நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். பயில்வோர் முதலாண்டில் உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றைக் கற்கின்றனர். எலும்பையும் நரம்பையும் தசையையும் பிரித்துப் பிரித்துப் பார்த்து அறிகின்றனர். மேசைமேல் கிடக்கும் அவ்வுடல் எதனையும் மறைப்பதில்லை. மாணவன் செய்யும் தவற்றால் வருந்துவதும் இல்லை.

இரண்டாம் ஆண்டில் நிலைமை மாறுகின்றது. நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் என்னும் பாடங்கள் தொடங்குகின்றன. அவற்றோடு, வெள்ளை அங்கி அணிந்து, ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் இட்டுக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லும் முறையான பயிற்சியும் தொடங்குகின்றது. அங்கே கட்டிலில் இருக்கும் உடல் பேசும், அஞ்சும், வலித்தால் முகம் சுளிக்கும்.

ஆய்வுக்கூடத்தில் செய்யும் தவறுகளை எளிதில் திருத்திக்கொள்ளலாம். கிராம் சாயமுறை என்று ஒன்று உண்டு. இங்கே கிராம் என்பது நிறுத்தல் அளவையன்று. அது 1884ஆம் ஆண்டில் இம்முறையை வெளியிட்ட டென்மார்க்கு நாட்டு அறிஞரின் பெயர். கண்ணாடித் தகட்டில் பாக்டீரியாக்களைப் பரப்பி, ஊதாச் சாயமும் அயோடினும் ஊற்றி, ஆல்கஹாலால் கழுவி, இறுதியில் சிவப்புச் சாயம் ஊட்டுவர். ஒருவகைப் பாக்டீரியா ஊதா நிறத்தை விடாமல் பற்றிக்கொள்ளும்; மற்றொரு வகை அதனை இழந்து சிவப்பாகும். எம்மருந்து பயன்படும் என்பதற்கு இவ்வேறுபாடு ஒரு வழிகாட்டி. ஆல்கஹாலைச் சற்று மிகுதியாக ஊற்றிவிட்டால், ஊதாவாக நிற்க வேண்டியதும் சிவந்துவிடும். இந்தப் பிழையைச் செய்யாத மாணவர் அரியர்.

நோய்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, அவையெல்லாம் தமக்கே வந்துவிட்டனவோ என்று மாணவர் சிலர் கலங்குவதும் உண்டு. இரவு கண்விழித்ததால் வந்த தலைவலியை மூளைக்கட்டி என எண்ணி, மறுநாள் வாடிய முகத்துடன் பேராசிரியர்முன் நிற்பர். அவரோ புன்னகை புரிவார். அவரும் ஒரு காலத்தில் மாணவராக இருந்தவர்தாமே!

மருத்துவமனையில் மாணவன் முதலில் தன் விரல்களைப் பழக்க வேண்டும். நோயாளியின் மார்பின்மேல் ஒரு கையின் விரலைப் பதித்து, மற்றொரு கையின் விரலால் அதனைத் தட்டுவர். காற்று நிறைந்த இடம் முழங்கும். நீர் கோத்த இடம் மந்தமாக ஒலிக்கும். தட்டிப் பார்க்கும் இம்முறையை 1761ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டவர் ஆஸ்திரிய மருத்துவர் ஆவன்புருக்கர். அவருடைய தந்தையார் கிராட்ஸ் நகரில் விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டி அதில் எவ்வளவு மது உள்ளது என்று காணும் வழக்கமே மகனுக்கு இவ்வெண்ணத்தைத் தந்தது என்பர்.

விரலைப் பழக்குவதினும் அரியது நாவைப் பழக்குவது. எத்தனை நாளாக இருமல், சளியில் இரத்தம் உண்டா, காய்ச்சல் எப்போது வருகிறது என்று புத்தகத்தில் உள்ள வரிசைப்படியே மாணவன் வினவுவான். நோயாளியோ அவ்வரிசையில் விடை கூறமாட்டார். சென்ற அறுவடைக்குப் பின் மூச்சு வாங்கியது என்று தொடங்கி, மகள் திருமணக் கடனுக்குச் சென்றுவிடுவார். மாணவன் பொறுமையிழந்து, வேண்டியதை மட்டும் குறித்துக்கொண்டு பேராசிரியரிடம் ஓடுவான். இருமல், இளைப்பு, மெலிவு எனவே காசநோய் என்று விரைந்து கூறுவான்.

"இருக்கலாம். அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டாயா?" என்பார் பேராசிரியர்.

மாணவன் வாய் திறவாது நிற்பான்.

இவ்வினாவை மருத்துவர் தவறாது கேட்க வேண்டும் என வற்புறுத்தியவர் இத்தாலி நாட்டு மருத்துவரான ராமசினி. அவர் வீட்டில் ஒருவன் மலக்குழியைத் துப்புரவு செய்துகொண்டிருந்தான். இத்துணை விரைவு ஏன் என்று அவர் வினவ, நெடுநேரம் குழிக்குள் நின்றால் கண் கெட்டுவிடும் என்றானாம் அவன். அதன்பின் ராமசினி தொழிலாளர் பட்டறைகளுக்கு நேரில் சென்று அவர்கள் நோய்களை ஆராய்ந்து, 1700ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். கல்தச்சர் நோயும் அதில் இடம்பெற்றது. கல்லை உடைக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசு மூச்சோடு உட்சென்று நுரையீரலில் தங்கும். அவ்விடம் தழும்பேறி இறுகும். காசநோயும் எளிதில் பற்றும். இறுகிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொணரும் மருந்து இல்லை. தூசு உட்புகாமல் தடுப்பது ஒன்றே வழி.

மாணவன் மீண்டும் கட்டிலருகே செல்கிறான்; இம்முறை அமர்ந்துகொள்கிறான்.

"ஐயா, தாங்கள் என்ன வேலை செய்துவந்தீர்கள்?"

"கல்லுடைக்கும் வேலைதான், தம்பி. இருபது வயதில் குவாரிக்குப் போனேன். இருபத்தாறு ஆண்டு ஆயிற்று."

"தூசு மிகுதியோ?"

"பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. என்னோடு வேலை செய்த மூவருக்கும் இதே இருமல்தான். அவர்களுள் ஒருவன் சென்ற மாதம் போய்விட்டான்."

மாணவன் தன் ஏட்டில் அதனையும் எழுதுகிறான். பிறகு, மற்ற இருவரும் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கேட்கிறான்.