குழந்தைத் துணியும் கொச்சி மழையும்

வேலை நிமித்தம் கொச்சிக்கு வந்து காக்கநாட்டில் குடியேறிய நம்மவர் வீடுகளில் குழந்தை பிறந்ததும் எழும் முதல் விவாதம், என்ன பெயர் வைப்பது என்பது. இரண்டாவது, துணியா டயாப்பரா என்பது. ஊரிலிருந்து பிள்ளைப்பேறு பார்க்க வந்த பாட்டி, பழைய வேட்டிகளைக் கிழித்து ஓரம் அடித்து அடுக்கி வைத்துவிடுவார். ஆனி மாத மழையில் ஒரு துணியும் காயாமல் வீடு முழுக்க ஈர நெடி அடிக்கும்போது, மாப்பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடுவார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், தண்ணீர், வெப்பம், காற்று என்ற கண்ணோட்டத்தில் இதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

இவ்வூரில் இருப்பவர்களுக்கு இது வெறும் வீட்டுக் கணக்கு அல்ல. 2023 மார்ச் 2-ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைமேட்டில் தீப்பிடித்தது. ஏறக்குறைய பன்னிரண்டு நாட்கள் புகை அடங்கவில்லை. காக்கநாட்டுக்கு அது கூப்பிடு தூரம். பச்சைக் குழந்தை இருந்த வீடுகளில் சன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயே கிடந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களும் உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. டயாப்பர் என்பது பிளாஸ்டிக் உறை, மரக்கூழ், நீரை உறிஞ்சிக் களியாகும் ஒரு வேதிப்பொருள் ஆகியவற்றின் கூட்டு. நனைந்த பிறகு எரிப்பதும் கடினம், மட்குவதும் கடினம். ஹரித கர்ம சேனையினர் பிளாஸ்டிக்கைக் கழுவி உலர்த்தித் தரச் சொல்கிறார்கள். டயாப்பரைக் கழுவி உலர்த்திக் கொடுக்க யாரால் முடியும்?

அதற்காகத் துணி என்றாலே புண்ணியம் என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் துறையினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுகளில் ஆகும் கரிப்புகைக் கணக்கைப் போட்டது. டயாப்பருக்குச் சுமார் 550 கிலோ. துணிக்கு, சராசரி வீட்டு வழக்கப்படி துவைத்தால், சுமார் 570 கிலோ. ஆனால் இயந்திரத்தை நிறைத்து ஓட்டி, கொடியில் காயப்போட்டு, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கு ஏறக்குறைய 40 விழுக்காடு குறைகிறது. சூடான காற்று உலர்த்தியில் போட்டால் ஏறிவிடுகிறது. ஆகவே எதை வாங்குகிறோம் என்பதோடு எப்படித் துவைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

துவைப்பதில் நம்மவருக்கு இங்கே வரும் முதல் சிக்கல் தண்ணீர். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. வறண்ட பகுதிகளின் கடின நீரைக் கொதிகலனில் ஊற்றினால் குழாய்களில் சுண்ணாம்புச் செதில் படியும். அதைத் தடுக்க நீரில் சோடா சாம்பல் சேர்ப்பார்கள். நம் வீட்டுச் சலவைச் சோடாவும் அதே பொருள்தான். தமிழகத்தின் பல ஊர்களில் ஆழ்குழாய் நீர் கடினமானது. சோப்பு நுரைக்காது, நாம் அள்ளிப் போட்டே பழகிவிட்டோம். இங்கே ஆலுவாயில் சுத்திகரித்துக் குழாயில் வரும் பெரியாற்று நீர் மென்மையானது. ஊர் அளவிலேயே சோப்புத்தூளைப் போட்டால் நுரை பொங்கும், எத்தனை முறை அலசினாலும் முழுதாகப் போகாது. மிச்சம் இழைக்குள் தங்கிவிடும். குழந்தை மூத்திரம் பெய்ததும் அது கரைந்து தோலை அரிக்கும். டயாப்பர் ஒத்துக்கொள்ளவில்லை என்று துணிக்கு மாறிய பிறகும் சில குழந்தைகளுக்குத் தொடையிடுக்குச் சிவந்தே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊரில் போட்டதில் பாதி போட்டுப் பாருங்கள். கடைசி அலசலில் துணியைப் பிழிந்தால் நுரை வரக்கூடாது. அதுதான் சோதனை.

அடுக்ககங்களில் லாரித் தண்ணீரும் கிணற்று நீரும் கலந்து வருவதுண்டு. செம்பாறை மண்ணின் கிணற்று நீரில் பல இடங்களில் இரும்பு இருக்கும். அதில் வெளுப்புத்தூளைக் கலந்தால் துணி வெளுக்காது, துருநிறக் கறைதான் படியும். 2024 ஜூனில் காக்கநாட்டின் பெரிய அடுக்ககம் ஒன்றில் நூற்றுக்கணக்கானோர் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீரில் ஐயம் இருந்தால் கடைசி அலசலுக்குக் கொதித்து ஆறிய நீர் நல்லது.

துவைக்கும் முறைக்கு நல்ல ஆசான்கள் நமக்குத் தூரத்தில் இல்லை. ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் இருக்கும் தோபிகானாவை நம்மவர் பலர் சுற்றுலா இடமாகத்தான் பார்த்திருப்பார்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடையை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் மரபினர் அவர்கள் என்பது வழிவழிச் செய்தி. இப்போதுள்ள சலவைக்கூடம் 1976-இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது. நமக்கு முன்பே இங்கு வந்து தமிழ் பேசியவர்கள் அவர்கள். நம் ஊர்களில் பிள்ளை பெற்ற வீட்டுத் துணியைத் தீட்டென்று கையால் தொடாமல் வண்ணார் வீட்டுப் பெண்ணிடம் எறிந்த காலம் உண்டு. இரத்தக் கறையும் மலக் கறையும் போக்கும் நுட்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அந்தப் பெண்கள். அதற்கு ஊர் கொடுத்த கூலி சோறும் ஏச்சும்தான்.

வெள்ளாவியைப் பாருங்கள். துணியை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்து, பானையின் மேல் அடுக்கி மூடி, கீழே தீ மூட்டி ஆவியில் வைப்பார்கள். உவர்மண் காரம் கொழுப்பைக் கரைக்கும். ஆவியின் வெப்பம் கிருமியைக் கொல்லும். காரமும் வெப்பமும் சேர்ந்த இதே வேலையைத்தான் இன்றைய சலவை இயந்திரமும் செய்கிறது.

வீட்டுக்கு இதைச் சுருக்கிச் சொல்கிறேன். மலத்தை உடனே கழிப்பறையில் தட்டிவிட்டுத் துணியைக் குளிர்ந்த நீரில் அலசவேண்டும். முதலிலேயே வெந்நீர் ஊற்றினால் கறை இழையோடு ஒட்டிக்கொள்ளும். நனைந்த துணிகளை வாளி நீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவது தவறு. மூத்திரத்தில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுவதால்தான் அந்த மூக்கைத் துளைக்கும் நெடி. நீரில்லாத, காற்றுப் புகும் கூடையில் போட்டுவைத்து அன்றாடம் துவைத்துவிட வேண்டும். அலசிய பின் 60 டிகிரி வெந்நீரில் ஒரு சுற்று, பிறகு இரண்டு அலசல். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் வேண்டாம். அது இழையின் மேல் மெழுகுபோல் படிந்து, நீரை உறிஞ்சவிடாது. கிருமிநாசினி ஊற்றி அலசும் பழக்கமும் அப்படித்தான், மிச்சம் தங்கினால் தோலுக்கு ஆகாது. கடையில் வாங்கும் வண்ணத்துணி நாப்பியின் வெளியுறையில் நீர் புகாத படலம் இருக்கிறது. அதைக் கொதிக்க வைக்கவோ இஸ்திரி போடவோ கூடாது.

இனி உலர்த்துவது. இங்கேதான் பாட்டியின் வேட்டித்துணி வெல்கிறது. கட்டும்போது எட்டு மடிப்பு, காயப்போடும்போது ஒரே மடிப்பு. தடிமனாகத் தைத்த பஞ்சு மெத்தைபோன்ற நாப்பி, மழையில் இரண்டு நாளானாலும் நடுவில் ஈரம் காக்கும். காற்று ஏற்கனவே ஈரத்தால் நிரம்பியிருந்தால் துணியின் ஈரம் எங்கே போகும்? மூடிய அறையில் மின்விசிறி மட்டும் சுழன்றால் அதே ஈரக்காற்றுதான் சுற்றிவரும். ஒரு சன்னலைத் திறந்துவைத்து, எதிர்ப்பக்கம் காற்றை வெளியே தள்ளும் சிறு விசிறி வைத்தால் வித்தியாசம் தெரியும். இயந்திரத்தில் பிழிதலை இரண்டு முறை ஓட்டுங்கள். தோபிகானாவில் கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, துணியின் முனையை முறுக்குக்குள் செருகிவிடுகிறார்கள். பால்கனிக்கும் அது பொருந்தும். அரைகுறையாகக் காய்ந்த பருத்தித் துணிக்கு இஸ்திரிப்பெட்டிதான் மருந்து.

எத்தனை துணி வேண்டும் என்று கேட்பார்கள். பிறந்த குழந்தைக்கு நாளைக்குப் பத்து முறை மாற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உடுத்தியிருப்பது ஒரு நாள், மழைக்காலத்தில் கொடியில் இரண்டு நாள், கையிருப்பு அரை நாள். ஆக 35 துணி. பங்குனி வெயிலில் 20 போதும். இரவுக்கும் பயணத்துக்கும் டயாப்பர் போட்டால் குற்றமில்லை. நாளைக்கு ஆறு என்பது ஒன்றாகக் குறைந்தாலே குப்பை எவ்வளவு குறையும்! இன்னொன்று: இந்தத் துணிமூட்டை முழுவதும் பிரசவித்த பெண்ணின் தலையிலோ, மூட்டு வலிக்கும் பாட்டியின் கையிலோ விழுந்தால் பத்தாம் நாளே வீடு டயாப்பருக்குத் திரும்பிவிடும். துவைப்பதை மாப்பிள்ளையும் தாத்தாவும் எடுத்துக்கொள்ளும் வீட்டில்தான் துணி நிலைக்கிறது.

குழந்தை வளர்ந்து துணி தேவைப்படாமல் போனால் தூக்கி எறிய வேண்டாம். கஞ்சி போடாமல் துவைத்து, நல்ல வெயிலில் ஒரு முழு நாள் காயவைத்துக் கட்டிவையுங்கள். கஞ்சி இருந்தால் பூச்சி அரிக்கும். அடுத்த குழந்தைக்கு எடுக்கும்போது ஒருமுறை வெந்நீரில் அலசினால் போதும். பழைய துணி புதியதைவிட நன்றாகவே உறிஞ்சும்.