தோள் தசைநார் கிழிந்தால்: மூன்று அறுவை முறைகள்



செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. “தோள்பட்டை விண்விண் என்று தெறிக்கிறது, கை தூக்க முடியவில்லை” என்பார்கள். தைலம் தேய்த்து, மாத்திரை விழுங்கி, மறுநாள் மறுபடியும் அரிவாள் கம்பைத் தூக்கிக்கொண்டு புறப்படுவார்கள். என் மைத்துனரும் இப்படித்தான் எட்டு மாதம் ஓட்டினார். தெலுக் இந்தானுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் உயர மரம் வெட்டுபவர் அவர். ஒரு நாள் மழை ஈரத்தில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். அதன்பின் கொடியில் சட்டை போடும் அளவுக்குக்கூட அவர் கை உயரவில்லை.

மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, “தசைநார் கிழிந்திருக்கிறது, தைக்க வேண்டும்” என்றார். மைத்துனர் கேட்ட முதல் கேள்வி இது: “சின்னத் துளை போட்டுச் செய்வார்களாமே டாக்டர், பதினைந்து நாளில் வேலைக்குப் போய்விடலாமா?”

அந்தக் கேள்விக்கு விடை காண, முதலில் தோளின் அமைப்பைப் பார்ப்போம். மேற்கை எலும்பின் தலை பந்து போன்றது. அது உட்காரும் இடமோ ஆழமான கிண்ணமன்று, சிறு தட்டு. ஆகையால்தான் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது. பந்து தட்டைவிட்டு நழுவாதபடி நான்கு தசைகள் பிடித்திருக்கின்றன. சட்டையின் கைப்பட்டி மணிக்கட்டைச் சுற்றியிருப்பதுபோல, அவற்றின் நார்கள் எலும்பின் தலையைக் கவ்வியிருக்கின்றன. இதை மருத்துவர்கள் ‘ரொட்டேட்டர் கஃப்’ என்பார்கள். தலைக்குமேல் கையை உயர்த்திப் பல ஆண்டுகள் உழைக்கும்போது, கிணற்றுக் கயிறு உருளையில் உரசித் திரிதிரியாவதுபோல இந்த நார் நைந்துபோகிறது. வயதும் அதை நலிவாக்குகிறது. நைந்த கயிறு ஒரு நாள் அறுகிறது.

எல்லாக் கிழிவுக்கும் கத்தி தேவையில்லை. மெல்ல மெல்ல நைந்த கிழிவு பலருக்கு, பயிற்சியாளர் சொல்லித்தரும் உடற்பயிற்சியை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தாலே அடங்கிவிடுகிறது. ஆனால் விழுந்தவுடன் கை தூக்க முடியாமல் போனால் காத்திருக்கக் கூடாது. அறுந்த நார் நாளாக ஆக உள்ளே சுருங்கிப்போகும். தசை மெலிந்து கொழுப்பேறும். பிறகு இழுத்துத் தைக்க முயன்றாலும் எட்டாது.

தைப்பதற்கு மூன்று முறைகள் உண்டு.

முதலாவது, திறந்த முறை. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் இத்தகைய தையலைப் பற்றி 1911இலேயே எழுதினார். தோளை நன்றாகத் திறந்து, மேலே மூடியிருக்கும் பெரிய தசையின் ஒரு பகுதியை எலும்பிலிருந்து விலக்கி, கிழிவை நேரே பார்த்துத் தைப்பார்கள். பெரிய, சிக்கலான கிழிவுக்கு இது உதவும். ஆனால் விலக்கிய தசையும் ஆற வேண்டும். தொடக்கத்தில் வலி அதிகம்.

இரண்டாவது, சிறு திறப்பு முறை. மேல் தசையை எலும்பிலிருந்து பிரிக்காமல், அதன் இழைகளை மட்டும் விலக்கி, சில சென்டிமீட்டர் நீள வெட்டின் வழியே தைப்பார்கள்.

மூன்றாவது, துளை முறை. மூட்டுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் வழியை 1918இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி முயன்று பார்த்தார். இன்று சிறுசிறு துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவும் மற்றவற்றில் கருவிகளும் நுழைத்து, திரையைப் பார்த்துத் தைக்கிறார்கள். தழும்பு சிறிது, முதல் சில வாரங்களில் வலியும் பெரும்பாலும் குறைவு.

மூன்றிலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். நூல் கோத்த சிறு திருகாணியை எலும்பில் பதித்து, கிழிந்த நாரை இழுத்து எலும்போடு கட்டுவது.

எது மேல்? பிரிட்டனில் 273 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் திறந்த முறையிலும் மறு பிரிவுக்குத் துளை முறையிலும் தைத்தார்கள். 2 ஆண்டு கழித்து இரு பிரிவினரின் தோளும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது. தைத்த நார் ஒட்டாமலோ மீண்டும் கிழிந்தோ போனதும் இரண்டு பிரிவிலும் உண்டு. ஏறக்குறைய பத்துப் பேரில் நால்வருக்கு அப்படி ஆயிற்று. அவர்களில் பலருக்கும் வலி குறைந்தது என்றாலும், நார் ஒட்டியவர்களே நன்கு தேறினார்கள்.

ஆகவே மைத்துனருக்கு மருத்துவர் சொன்ன விடையை நாமும் மனத்தில் வைக்க வேண்டும். “தோல் பதினைந்து நாளில் ஆறும். நார் எலும்போடு ஒட்ட, துளை போட்டாலும் திறந்து செய்தாலும் மாதக்கணக்கில் ஆகும்.” ஏறக்குறைய ஆறு வாரம் கையைப் பட்டையில் தொங்கவிட வேண்டும். அதன்பிறகே கையைத் தானாக அசைக்கும் பயிற்சி. மூன்று மாதம் கழித்து வலுவூட்டும் பயிற்சி. குலை வெட்டுவது போன்ற பளுவான வேலைக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

துளை முறையில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. வலி சீக்கிரம் குறைவதால், குணமாகிவிட்டது என்று கை ஏமாற்றும். நான்காம் வாரம் என் மைத்துனர் கேஸ் தோம்பைத் தூக்கக் குனிந்தார். அக்காள் ஓடிவந்து தோம்பின்மேலேயே உட்கார்ந்துகொண்டார்! அன்று அவர் போட்ட சத்தம்தான் தையலைக் காப்பாற்றியது என்று வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்போம்.

அவர் அவசரப்பட்டதற்குக் காரணம் சம்பளக் கவலை. நேயர்களே, வேலையில் ஏற்பட்ட காயத்தை உடனே தோட்ட அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவு செய்யுங்கள். சொக்சோ சந்தா கட்டும் தொழிலாளி வேலையில் காயமடைந்து, நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி. கிடைத்தால், கணக்கிட்ட நாள் சம்பளத்தில் 80 விழுக்காட்டைத் தற்காலிக உதவித்தொகையாகக் கேட்கலாம். சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

புகைப்பதை நிறுத்துங்கள், இனிப்புநீரைக் கட்டுக்குள் வையுங்கள். இரண்டும் நார் ஒட்டுவதைத் தடுப்பவை. மருத்துவரிடம், “எத்தனை துளை?” என்று கேட்பதோடு நிற்காமல், “என் கிழிவு எவ்வளவு பெரிது? எந்த முறையில் உங்களுக்குப் பழக்கம் அதிகம்? நான் எத்தனை மாதம் ஓய்வெடுக்க வேண்டும்?” என்றும் கேளுங்கள்.

தைப்பது மருத்துவரின் கை. ஒட்டும்வரை காப்பது வீட்டாரின் கை.