கோழியின் உள்ளங்காலையும் கொஞ்சம் பாருங்கள்



உங்கள் வளவில் மேயும் கோழியின் உள்ளங்காலை எப்போதாவது திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? கொண்டை சிவந்திருக்கிறதா என்று பார்ப்போம். முட்டையை எண்ணிப் பார்ப்போம். தீன் தின்னாவிட்டால் எச்சத்தைக்கூடப் பார்ப்போம். காலைத் தூக்கிப் பார்ப்பவர்கள் நம்மில் மிகக் குறைவு. நானும் பார்த்தவனல்லன். அதனால் என் வீட்டில் ஒரு நல்ல கோழியை இழந்தேன். அந்த இழப்புத்தான் பின்னர் அயல் வீட்டுக் கோழியொன்றைக் காப்பாற்ற உதவியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. அடுத்த வளவு மாமி ஒரு சிவப்புப் பேட்டுக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"மௌலவி, இதக் கொஞ்சம் அறுத்துத் தாங்க. நாலஞ்சு நாளா நொண்டுது. இனி இதால ஒரு பிரயோசனமும் இல்ல. ஒரு கறியாவது ஆகட்டும்."

மாமியிடம் இருந்தவை ஏழு கோழிகள். முட்டை விற்ற காசில்தான் பேரனின் பஸ் காசும் கொப்பிக் காசும் போயின. அந்த ஏழிலும் ஒழுங்காக முட்டையிட்டது இந்தச் சிவப்புக் கோழிதான். கத்தியை எடுப்பதற்கு முன் அதன் காலைத் திருப்பிப் பார்த்தேன். வலது உள்ளங்காலின் நடுவில் மிளகளவு கறுத்த பொருக்கு. அதைச் சுற்றி வீக்கம். தொட்டால் சூடு.

இதே அடையாளத்தை நான் முன்பு ஒரு தடவை கண்டிருக்கிறேன்.

நான் செய்த தவறு

சில வருடங்களுக்கு முன் எங்கள் கோழி ஒன்றுக்கும் இப்படித்தான் கால் வீங்கியது. முள் குத்தியிருக்கும் என்று எண்ணி, சவர பிளேட்டால் பொருக்கைக் கிளப்பி, இரு பெருவிரலாலும் பலங்கொண்ட மட்டும் பிதுக்கினேன். சீழ் வரவில்லை, இரத்தம்தான் வந்தது. மேலே மஞ்சளைப் பூசி வளவுக்குள் விட்டுவிட்டேன். ஒரு கிழமையில் வீக்கம் கணுக்கால் வரை ஏறியது. கோழி மூலையில் குந்தியே இருந்தது. பத்தாம் நாள் இறந்துவிட்டது.

மிருக வைத்தியரிடம் கேட்டபோதுதான் என் பிழை விளங்கியது. மனிதனின் சீழ் நீராக ஓடும். பறவையின் சீழ் அவித்த முட்டையின் மஞ்சட் கருவைப் போல இறுகிக் கட்டியாகிவிடும். அதைப் பிதுக்கினால் வெளியே வராது. உள்ளே தசைநாருக்கும் எலும்புக்கும் கிருமியைத் தள்ளிவிடும்.

ஆகவே மாமியிடம், "கத்தி பிறகு இருக்கட்டும், முதலில் வைத்தியரிடம் காட்டுவோம்" என்றேன். மாமிக்கு அரை மனதுதான். என் மனைவி கோழியை வாங்கிக் கூடையில் வைத்துவிட்டார்.

இது என்ன நோய்?

ஆங்கிலத்தில் இதனைப் 'பம்பிள்ஃபுட்' என்பார்கள். உள்ளங்காலில் ஒரு சிறு கீறலோ தேய்மானமோ ஏற்படுகிறது. அதன் வழியே கிருமி நுழைகிறது. பெரும்பாலும் அது ஸ்டெபிலோகொக்கஸ் என்னும் கிருமி. மனிதரின் தோலிலும் மூக்கிலும் கூட இருப்பது. முதலில் சிவப்பு, பிறகு வீக்கம், பிறகு கறுத்த பொருக்கு. அதற்கும் அசட்டையாக இருந்தால் நோய் எலும்பைப் பிடிக்கும். ஒரு காலில் நோவு வந்தால் கோழி மற்றக் காலில் பாரத்தைப் போடுவதால், அந்தக் காலுக்கும் அது வரலாம்.

நொண்டும் கோழி எல்லாவற்றுக்கும் இதுதான் நோய் என்று எண்ணிவிடாதீர்கள். காலின் செதிள்கள் தடித்து மேலெழும்பி, வெள்ளைத் தூள் படிந்தது போல் இருந்தால் அது செதிள் பூச்சியின் வேலை. உள்ளங்கால் சுத்தமாக இருந்தும் கால் இழுத்துக்கொண்டால் அது வேறு நோய். காலைத் தூக்கிப் பாராமல் எதையும் தீர்மானிக்க முடியாது.

வீட்டில் செய்யக்கூடியது

மாமியின் கோழியை வைத்தியர் பார்த்தார். நோய் ஆழமாகப் போகவில்லை, வெட்டத் தேவையில்லை என்றார். ஐந்து நாளைக்கு மருந்து கொடுத்து, வீட்டில் செய்ய வேண்டியதையும் சொல்லித் தந்தார். அதை உங்களுக்கும் தருகிறேன்.

1. முதலில் கையுறை அணியுங்கள். அந்தக் கிருமி உங்கள் கையிலுள்ள சிறு காயத்திலும் தொற்றக்கூடும். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். குசினியில் சமையல் பாத்திரங்கள் கழுவும் இடத்தில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

2. கோழியை ஒரு துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கண் மறைந்தால் அது அமைதியாகும். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நெஞ்சு அசைந்தால்தான் பறவைக்கு மூச்சு. பிடிக்க ஒருவர், மருந்து போட ஒருவர் இருந்தால் இலகு.

3. ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து, பத்து முதல் பதினைந்து நிமிடம் காலை அதில் வையுங்கள். அந்த நீரைக் கோழி குடிக்க விடாதீர்கள், வயிற்றால் போகும். அழுக்கு நீங்கும், பொருக்கும் இளகும். தானாகக் கழன்று வந்தால் வரட்டும். பிடுங்க வேண்டாம், பிதுக்கவும் வேண்டாம்.

4. காலை ஒற்றித் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். பாமசியில் வாங்கும் பொவிடோன் ஐயடீனை வெறுந்தேயிலையின் நிறம் வரும்வரை நீரில் கலந்து, அதனால் காயத்தைச் சுத்தம் செய்யுங்கள். மண்ணெண்ணெய், சாம்பல், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். அவை நல்ல தசையையும் கெடுக்கும்.

5. வைத்தியர் சொன்ன களிம்பைப் பூசுங்கள். விறைக்கச் செய்யும் மருந்து கலந்த களிம்புகளை அவரைக் கேளாமல் பூசக் கூடாது. அதன் மேல் சிறு கோஸ் துண்டை வைத்து, விரல்களுக்கிடையே கொண்டுபோய்க் கணுக்காலைச் சுற்றிக் கட்டுங்கள். சற்று நேரம் கழித்து விரல்களைத் தொட்டுப் பாருங்கள். வீங்கினாலோ குளிர்ந்தாலோ கட்டு இறுக்கம் என்று பொருள். உடனே தளர்த்துங்கள்.

6. கட்டை நாளுக்கொரு தடவை மாற்றுங்கள். நனைந்தால் அப்போதே மாற்றுங்கள். ஆறும் வரை கோழி உலர்ந்த உமி அல்லது மரத்தூள் பரப்பிய தனி இடத்தில் இருக்கட்டும்.

வீக்கம் கணுக்காலுக்கு ஏறினாலும், காலை ஊன்றவே முடியாமற் போனாலும், தீன் தின்னாமல் சோர்ந்து குந்தினாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். உங்கள் பிரதேசத்து அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். உள்ளே இறுகிய சீழை வெட்டி எடுப்பது அவர்களின் வேலை. மனிதருக்கு வாங்கிய மாத்திரையில் மிஞ்சியதை நுணுக்கிக் கொடுப்பதும் கூடாது.

முட்டையில் வந்த சோதனை

மருந்து கொடுக்கும் நாட்களிலும், முடிந்த பின் தாம் குறித்துத் தந்த நாட்கள் வரையிலும் அந்தக் கோழியின் முட்டையை உண்ணக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மருந்து முட்டையிலும் இறங்கும். நொண்டியபடியே அந்தக் கோழி இடையிடையே முட்டையிட்டது. மாமி ஒரு நாள் மெதுவாகக் கேட்டார்.

"நம்ம தின்னாட்டி என்ன மௌலவி, கடைக்குக் குடுத்தா ஆருக்குத் தெரியும்?"

கஷ்டத்தில் பிறந்த கேள்வி அது. கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. "மாமி, கடையில் வாங்குகிறவர் தன் பிள்ளைக்குத்தானே அவித்துக் கொடுப்பார்" என்றேன். விற்கும் பொருளின் குறையை மறைப்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது என்பது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. மறு பேச்சுப் பேசாமல், நாள் முடியும் வரை ஒவ்வொரு முட்டையையும் வளவின் மூலையில் புதைத்தார். அந்தக் கிழமைகளில் பேரனின் பஸ் காசுக்கு என்ன செய்தார் என்பதை நான் கேட்கவில்லை. என் மனைவிக்கு அது தெரியும்.

அறுப்பது பற்றியும் சிலர் கேட்கிறார்கள். காய்ச்சலால் சோர்ந்த, காலிலிருந்து நோய் உடம்புக்குப் பரவிய கோழியைக் கறிக்கு எடுக்காதீர்கள். மருந்து கொடுத்த கோழியை வைத்தியர் சொன்ன நாட்கள் கழியும் முன் அறுக்காதீர்கள். முறைப்படி அறுத்தோம் என்பது மட்டும் போதாது, உண்பவரின் உடல் நலத்தையும் நாம் பார்க்க வேண்டும்.

மீண்டும் வராதிருக்க

கோழியின் கால் சுகமாவதற்குள் மாமியின் வளவைச் சுற்றிப் பார்த்தோம். காரணம் அங்கேதான் இருந்தது. கோழிகள் இரவில் ஏறும் தடி, நெஞ்சளவு உயரத்தில் செதுக்காத மூங்கில். விடிந்ததும் அவை குதித்தது சீமெந்துத் தரையில். கிணற்றடி எந்நேரமும் சேறு. வேலியோரம் உடைந்த சிரட்டையும் போத்தல் ஓடும்.

தடியை முழங்காலுக்கு மேல் போகாத உயரத்தில், சுமார் 45 சென்ரிமீற்றரில் வையுங்கள். இரண்டங்குல அகலத்தில் விளிம்புகளை உருட்டிச் சீவிய பலகை நல்லது. கீழே உமி பரப்புங்கள், நனைந்த உமியை உடனே மாற்றுங்கள். வளவைக் கூட்டும்போது சிரட்டை, கம்பி, கண்ணாடியைப் பொறுக்கிவிடுங்கள். வெறும் சோறும் புண்ணாக்குமாகப் போடாமல் முருங்கை இலை, அகத்தி, கீரை என்று பச்சையும் கொடுங்கள். உயிர்ச்சத்து ஏ குறைந்தால் பாதத்தின் தோல் பலவீனப்படும். கோழி அளவுக்கு மீறிக் கொழுக்கவும் விடாதீர்கள், அந்தப் பாரமெல்லாம் இரு பாதங்களின் மேல்தான்.

மாமியின் கோழி ஒரே நாளில் எழுந்து ஓடவில்லை. இரண்டாம் கிழமையில் வீக்கம் வற்றியது. மூன்றாம் கிழமையில் பொருக்கு கோஸோடு கழன்று வந்தது. கீழே இளஞ்சிவப்பில் புதுத் தோல். கட்டில்லாமல் வளவில் விட ஏழு கிழமைகள் சென்றன. அத்தனை நாளும் சுபஹுக்குப் பின் மாமி கோழியோடு எங்கள் வாசலுக்கு வருவார்; என் மனைவி பேசினில் நீரோடு காத்திருப்பார்.

சகோதரிகளே! வாயற்ற பிராணி தன் நோவைச் சொல்லாது. நம் பொறுப்பில் இருக்கும் உயிர் பற்றி நம்மிடம் கேள்வி உண்டு. இன்று மஃரிபுக்குக் கோழிகள் கூட்டில் அடையும்போது ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளங்காலைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். மாதம் ஒரு முறை அதைச் செய்தால், கறுத்த பொருக்கு வருவதற்கு முன் சிவப்பிலேயே கண்டுகொள்ளலாம்.

மாமி இப்போது அறுக்கக் கோழி கொண்டு வந்தால், என்னிடம் தருவதற்கு முன் காலைத் திருப்பிக் காட்டுகிறார்.