உங்களுக்குத் தெரியுமா? ஜவ்வாது மலையில் மனை வாங்கப் போகிறீர்களா?

பத்திரம் பதிவானால் நிலம் உங்களுடையதா?
அப்படித்தான் பலரும் நம்புகிறோம். ஆனால் விற்பவருக்கு அந்த நிலம் உண்மையிலேயே சொந்தமா என்று விசாரித்து முடிவு சொல்வது சார்பதிவாளரின் வேலை இல்லை. தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-அ-வின் ஒரு பகுதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. உரிமை மூலத்தை ஆராயும் அதிகாரம் பதிவு அலுவலருக்குச் சட்டத்தில் இல்லை என்பதே அதற்குச் சொன்ன காரணம். அப்படியானால் ஆராய்வது யார்? நீங்கள் அமர்த்தும் வழக்கறிஞர். அவரையும் விட்டுவிட்டால் வேறு யாரும் இல்லை.

இங்கிலாந்தில் கதை வேறு
லண்டனில் இருக்கும் உறவினர் வீடு வாங்கினால் "சாலிசிட்டர் பார்த்துக்கொள்கிறார்" என்பார். சொத்துப் பத்திரங்களைக் கவனிக்கும் வழக்கறிஞருக்கு அங்கே அந்தப் பெயர். அங்கே நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று அரசு உத்தரவாதம் தருகிறது. 1990 டிசம்பர் முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் விற்பனையாகும் நிலத்தைப் பதிவேட்டில் ஏற்றுவது கட்டாயம். நம் நாட்டில் பதிவாவது நடந்த பரிமாற்றம் மட்டும்தான். உரிமைக்கு அரசின் உத்தரவாதம் கிடையாது. அதனால் லண்டன் சாலிசிட்டரைவிட போளூரிலோ திருப்பத்தூரிலோ பத்திரம் பார்க்கும் வழக்கறிஞருக்குப் பொறுப்பு கூடுதல் என்பது என் எண்ணம். சாலிசிட்டரைப் போல நம்மிடமும் சென்னை, மும்பை, கொல்கத்தா உயர் நீதிமன்றங்களில் 'அட்டர்னி' என்ற தனிப் பிரிவு இருந்தது. 1976-இல் வந்த சட்டத் திருத்தம் அதை நீக்கியது. இப்போது எல்லோரும் வழக்கறிஞர்களே.

பத்திர எழுத்தர் வழக்கறிஞர் அல்ல
ஆவண எழுத்தர்கள் 1982-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெற்றவர்கள். நீங்கள் சொல்வதைச் சரியான வாசகத்தில் எழுதித் தருவார்கள். அனுபவசாலிகள் பலர் உண்டு. ஆனால் தாய்ப் பத்திரம் சரியா, வாரிசு விடுபட்டிருக்கிறாரா என்று பார்த்துச் சட்டக் கருத்துரை தருவது அவர்கள் பொறுப்பில் வராது. எழுத்தருக்குக் கூலி கொடுத்துவிட்டு, வழக்கறிஞருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

வங்கி வக்கீல் யாருடைய வக்கீல்?
வங்கியின் வக்கீல். "கடனே கிடைத்துவிட்டது, இனி என்ன சந்தேகம்?" என்று கேட்பவர்கள் அதிகம். வங்கி பார்ப்பது தன் கடனுக்கு ஈடு போதுமா என்பதை. பாதை வழக்கு, எல்லைத் தகராறு, நாளை வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்பதெல்லாம் உங்கள் கவலை. விற்பவரோ தரகரோ "நம்ம வக்கீல் இருக்கார்" என்று கூட்டி வருபவரும் உங்கள் வக்கீல் இல்லை. இரு தரப்புக்கும் ஒருவரே பார்த்தால் செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் சிக்கல் வரும் நாளில் அவர் யார் பக்கம் நிற்பார்?

மலைக்குரிய முதல் கேள்வி
இந்த நிலத்தை விற்கவே முடியுமா?

சமவெளியில் வில்லங்கச் சான்றிலிருந்து தொடங்கலாம். ஜவ்வாது மலையில் அதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். இங்கே தலைமுறைகளாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர் (பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு இணைக்க வேண்டாம்). அவர்களில் பலருக்கு நிலம் அரசு ஒப்படையாக வந்தது. 'அசைன்மென்ட் பட்டா' என்று பேச்சில் சொல்வது அதைத்தான். ஒப்படை ஆணையில் நிபந்தனைகள் இருக்கும். குறிப்பிட்ட ஆண்டுகள்வரை விற்கக் கூடாது என்பது ஒன்று. பழங்குடியினர் அல்லாதவருக்குக் கைமாறக் கூடாது என்பது இன்னொன்று. மீறினால் அரசு ஒப்படையை ரத்துசெய்து நிலத்தைத் திரும்ப எடுக்கலாம்.

இணையத்தில் எடுக்கும் கணினிப் பட்டாவில் உரிமையாளர் பெயர், புல எண், பரப்பு எல்லாம் அழகாக இருக்கும். நிபந்தனை அதில் தெரியாமல் போகலாம். எனவே நல்ல வழக்கறிஞர் பட்டாவோடு நிற்கமாட்டார். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதி ஒப்படை ஆணையின் நகலைக் கேட்பார், 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேரே என்ன வகைப்பாடு எழுதியிருக்கிறது என்று பார்ப்பார், பத்திரத்தின் நான்கெல்லையைப் புல வரைபடத்தோடு வைத்து ஒப்பிடுவார். பத்திரம் "கிழக்கில் ஓடை" என்று சொல்லி, வரைபடத்தில் அந்த ஓடைக்குத் தனிப் புல எண் கொடுத்துப் புறம்போக்கு என்று காட்டியிருந்தால், வேலி எங்கே நிற்கிறது என்று நேரில் அளந்து பார்க்கச் சொல்வார். ஓடையைத் தாண்டி நிற்கும் வேலிக்கும் சேர்த்துத்தான் உங்களிடம் விலை கேட்டிருப்பார்கள்.

வன உரிமை ஆவணம் விற்பனைக்கு இல்லை
2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கொடுத்த நில உரிமை வாரிசுக்குப் போகும். விற்கவோ மாற்றவோ முடியாது. மணமானவர் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே பதிவாகும். அதையும் ஊரில் 'பட்டா' என்றே சொல்வார்கள். காகிதத்தின் தலைப்பைப் படியுங்கள். அதன் பேரில் யாராவது முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

காப்புக்காடும் அறிவிப்பும்
ஜவ்வாது மலையில் பெரும்பரப்பு காப்புக்காடு. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன் கீழ் காப்புக்காடாக்க அறிவிப்பு வெளியான நிலத்தில் புதிதாக உரிமை பெறுவதற்குத் தடைகள் உண்டு. காட்டை ஒட்டிய மனை என்றால் அந்த அறிவிப்புக்குள் வருகிறதா என்று வனத்துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தரகர் வாயால் சொல்லும் "காடு அந்தப் பக்கம்தான் சார்" எதற்கும் உதவாது.

வாங்கியவரே குற்றவாளியாகலாம்
பழங்குடியினருக்குச் சொந்தமான, அவர்கள் அனுபவத்தில் உள்ள, அல்லது அவர்களுக்கு ஒப்படைத்த நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதும், தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். தண்டனை 6 மாதத்திலிருந்து 5 ஆண்டு வரை. "விருப்பப்பட்டுத்தானே கைநாட்டு வைத்தார்" என்ற பதில் நீதிமன்றத்தில் எடுபடும் என்று நம்பி யாரும் இறங்க வேண்டாம். ஒரு குடும்பம் சாமை விதைத்து, பலாவும் புளியும் வளர்த்து வாழ்ந்த நிலம் அது. அவசரச் செலவுக்கு அடிமாட்டு விலையில் அது கைமாறுவதை எந்தச் சட்ட நுணுக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

ஆந்திரத்தில் தடை, இங்கே?
அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் 10 மாநிலங்களில் உண்டு, தமிழ்நாட்டில் இல்லை. ஆந்திரத்தின் அட்டவணைப் பகுதிகளில் பழங்குடியினர் அல்லாதவர் நிலம் வாங்க 1970-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை முழுத் தடை விதித்தது. அதுபோன்ற ஒற்றைச் சட்டம் இங்கே இல்லாததால் ஒவ்வொரு நிலத்தின் நிபந்தனையையும் தனித்தனியாகத் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மகளுக்குப் பங்கு உண்டா?
பெற்றோர் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் இந்து வாரிசுரிமைச் சட்டம், அதன் 2(2) பிரிவின்படி, மத்திய அரசு தனியாக அறிவித்தாலன்றி, பழங்குடியினருக்குப் பொருந்தாது. அவர்களுக்கு வழக்காறே அடிப்படை. அந்த வழக்காறு என்ன என்பதும் வழக்காகலாம். ஆகவே சட்டப்படி விற்கக்கூடிய நிலமாகவே இருந்தாலும், மகள்களையும் சேர்த்து வயது வந்த வாரிசுகள் எல்லோரிடமும் கையொப்பம் வாங்கச் சொல்லும் வழக்கறிஞரே நமக்கு வேண்டியவர். "பொம்பளைப் பிள்ளைங்க கையெழுத்து எதுக்கு?" என்பவரிடம் கோப்பைக் கொடுக்காதீர்கள்.

ஒரே மலை, பல மாவட்டம்
பழைய பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்றிருக்கும். 1989-இல் அது இரண்டானபோது மலையின் ஒரு பக்கம் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டத்திலும் மறுபக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்திலும் சேர்ந்தன. பிறகு அந்த இரண்டாவது வேலூர் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் வேலூரைப் பிரித்துத் திருப்பத்தூர் மாவட்டம் வந்தது. வட்டமும் சார்பதிவாளர் எல்லையும்கூட இடையில் மாறியிருக்கலாம். இன்றைய அலுவலகத்தில் மட்டும் வில்லங்கம் போட்டால் பழைய அலுவலகத்தில் பதிவான அடமானம் கண்ணில் படாமல் போகும். "முன்பு இந்தக் கிராமம் எந்தப் பதிவு அலுவலகத்தில் இருந்தது?" என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே அவர் மலைப் பத்திரம் பார்த்தவரா என்பது தெரிந்துவிடும்.

வில்லங்கச் சான்றில் வராதவை
பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதிவுசெய்யாத குத்தகை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு. 'வில்லங்கம் இல்லை' என்ற சான்றுக்கு, பதிவான வில்லங்கம் இல்லை என்று மட்டுமே பொருள்.

பவர் பத்திரம்
பொது அதிகாரப் பத்திரத்தைக் காட்டி "இதுவே கிரயம் மாதிரி" என்பார்கள். அது கிரயம் ஆகாது என்று 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்துசெய்திருக்கிறாரா என்று கிரயத்தன்று காலையிலும் சரிபார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கூடுதல் கண்ணி
இலங்கையில் காணி உறுதியை (நிலப் பத்திரத்தை) எழுதுவது நொத்தாரிசு (நோட்டரி). யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட காணியில் கூட்டு உரிமையாளருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. இதற்கு 1947-இல் தனிச் சட்டமே போட்டார்கள். அங்கே காணி வாங்கும் புலம்பெயர்ந்த தமிழர்கள் இதைக் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது.

முன்பணத்துக்கு முன் வக்கீல்
நம் பழக்கம் தலைகீழ். முன்பணம் கொடுத்து, அக்ரிமென்ட் போட்டு, பிறகு வக்கீலைத் தேடுகிறோம். அதற்குள் பணம் விற்பவர் கையில்; "இது தேறாது" என்று வக்கீல் சொன்னாலும் மனம் கேட்காது. முதலில் நகல்களை வாங்கிக் கருத்துரை கேளுங்கள். அதை எழுத்தில், அவருடைய கையொப்பம், பார் கவுன்சில் பதிவு எண்ணோடு வாங்குங்கள். எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தார், எது கிடைக்கவில்லை என்ற பட்டியல் அதில் இருக்கட்டும். கட்டணத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். நீங்கள் அவரிடம் சொல்வது வெளியே போகாது. வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பது சட்டப்படி அவர் கடமை. எனவே குடும்பத் தகராறு, பணத்தட்டுப்பாடு எதையும் மறைக்காதீர்கள்.

நிலத்துக்கான முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாகவே கொடுங்கள். உங்களுக்கும் அதுவே சாட்சி.

செலவு எவ்வளவு?
2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். வழக்கறிஞர் கட்டணம் இதோடு ஒப்பிட்டால் சிறு தொகை. அதைக் கொடுக்கத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

விற்பவருக்கும் வக்கீல் வேண்டும்
சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவு பழங்குடியினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இலவச சட்ட உதவியை உரிமையாகத் தருகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசியில் கேட்க 15100. மலையிலுள்ள புதூர்நாட்டிலோ ஜமுனாமரத்தூரிலோ உங்களுக்கு நிலம் தர முன்வரும் குடும்பத்திடம் இந்த எண்ணைக் கொடுங்கள். அவர்களுடைய வழக்கறிஞர் பத்திர வாசகத்தைப் படித்துக் காட்டி, விலையும் நிபந்தனையும் அவர்களுக்குப் புரிந்த பிறகு பதிவுத் தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.