தங்கச் சுரங்கத்திலிருந்து ஆண்டெனாவுக்கு

துல்லியமான கணக்குக்கு நேரம் போதாதபோது தோராயமான கணக்கு கைகொடுக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அதை நம்ப முடியாது.

கூரை மேல் நின்ற தூர்தர்ஷன் ஆண்டெனாவைச் சரிசெய்ய இரண்டு பேர் போதும். ஒருவர் மாடியில் திருப்புவார், இன்னொருவர் டிவி முன்னால் இருந்து குரல் கொடுப்பார். செல்போனுக்குள் ஒளிந்திருக்கும் ஆண்டெனாவிடம் இந்த வேலை நடக்காது. உலோகப் பட்டையின் நீளம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலே அலைவரிசை நகர்ந்துவிடும். பக்கத்திலேயே வைஃபையும் ஜிபிஎஸ்ஸும் தத்தம் ஆண்டெனாக்களுடன் குடியிருக்கின்றன.

அதனால் பொறியாளர்கள் கம்ப்யூட்டரை நாடுகிறார்கள். ஆண்டெனாவையும் சுற்றியுள்ள வெளியையும் லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, மேக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகளுக்கு விடை காண்கிறது மென்பொருள். விடை நம்பகமானது, ஆனால் வேகம் குறைவு. ஒரு வடிவத்தைச் சோதிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம், பல மணி நேரமும் ஆகலாம். அரை மணி என்றே வைத்துக்கொள்வோம். மாற்றக்கூடிய அளவுகள் 10 இருந்து, ஒவ்வொன்றிலும் 3 மதிப்புகளை மட்டும் பார்த்தாலே 59,049 வடிவங்கள். கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடினாலும் மூன்று வருடங்களுக்கு மேலாகும்.

இதற்கு ஒரு வழி, தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் பிறந்தது. விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில் பூமியைத் துளைத்துப் பார்ப்பது பெரும் செலவு. கிடைத்த சில மாதிரிகளை வைத்து, தோண்டாத இடத்தில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று மதிப்பிடும் புள்ளியியல் முறைக்கு 1951ல் அடித்தளமிட்டார் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகே. 1960களில் பிரான்ஸின் ஜார்ஜ் மாதெரோன் அதை முறையான கணிதமாக்கி, கிரிகேயின் பெயரையே சூட்டினார். 'கிரிகிங்' வந்தது அப்படித்தான். 1980களின் இறுதியில் புள்ளியியலாளர்கள் அதைக் கம்ப்யூட்டர் சோதனைகளுக்குக் கொண்டுவந்தனர். பூமியில் இடும் துளையும் மணிக்கணக்கில் ஓடும் மென்பொருளும் ஒரு விதத்தில் ஒன்றுதான். இரண்டிலும் ஒவ்வொரு விடைக்கும் விலை அதிகம்.

செயல்முறை எளிது. முதலில் சில டஜன் அல்லது சில நூறு வடிவங்களைப் பரவலாகத் தேர்ந்து துல்லியமாகச் சோதிக்கிறார்கள். அந்த விடைகளிலிருந்து ஒரு தோராய மாடல் உருவாகிறது. அது நொடிக்குள் பதில் சொல்லும். ஆயிரக்கணக்கான வடிவங்களை அதில் ஓட்டி, தேறுவதை மட்டும் துல்லிய மென்பொருளிடம் அனுப்புகிறார்கள். விடைகள் ஒத்துப்போகாவிட்டால் மாடலைத் திருத்தி மறுபடி தேடுகிறார்கள்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜான் பாண்ட்லர் குழு 1994ல் வேறு பாதை காட்டியது. அதன் பெயர் 'ஸ்பேஸ் மேப்பிங்'. பொறியாளரின் பழைய எளிய மாடலைத் தூக்கியெறிய வேண்டாம், அது எவ்வளவு பிசகுகிறது என்று அறிந்து ஈடுகட்டினால் போதும் என்றது அது. அடிப்படை மாடல் ஓரளவு சரியாக இருந்தால், விரல்விட்டு எண்ணக்கூடிய துல்லியச் சோதனைகளிலேயே வேலை முடிந்துவிடும். பெரிய கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாத ஆய்வுக்கூடத்துக்கு இது வரப்பிரசாதம்.

ஆபத்தும் இங்கேதான். மிகச் சிறந்த வடிவத்தைத் தேடும்போது, மாடல் தவறுதலாக அதிக மதிப்பெண் போட்ட வடிவமே முதலில் கண்ணில் படும். கிரிகே சுரங்கங்களில் கவனித்ததும் இதுதான். மாதிரிகளின்படி மிகச் செழிப்பாகத் தெரிந்த பகுதிகள், தோண்டியபோது சராசரியாக அவ்வளவு செழிப்பாக இல்லை. கிரிகிங் தன் மதிப்பீட்டோடு அதில் எவ்வளவு நிச்சயமின்மை என்பதையும் சேர்த்துச் சொல்வது அதனால்தான் முக்கியம். எங்கே சந்தேகம் அதிகமோ அங்கே அடுத்த துல்லியச் சோதனையைச் செய்யலாம். ஆனால் மாற்றக்கூடிய அளவுகள் பெருகப் பெருக, தேவைப்படும் சோதனைகளும் பெருகும். அந்தச் சுமையிலிருந்து இந்த முறைகளும் முழுதாகத் தப்பவில்லை.

கடைசித் தீர்ப்பு எந்த மாடலின் கையிலும் இல்லை. உண்மையான ஆண்டெனாவைச் செய்து, எதிரொலி இல்லாத அறையில் வைத்து அளக்கும்போதுதான் தெரியும், கிடைத்தது தங்கமா வெறும் பாறையா என்று.